ஆற்றல் சிகிச்சையும் எமிலி ரோசாவின் சோதனையும்: ஒரு மதிப்பீடு

உடலைச் சுற்றி ஓர் ஆற்றல் புலம் உள்ளது, அதைக் கைகளால் உணர்ந்து சீர்செய்தால் நோய் தீரும் என்பது ரெய்கி, பிராணிக் ஹீலிங், தெரப்யூட்டிக் டச் ஆகிய முறைகளின் பொதுவான கூற்று ஆகும். தெரப்யூட்டிக் டச் 1970களில் அமெரிக்காவில் டோலரஸ் கிரீகர், டோரா குன்ஸ் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. கிரீகர் இதை நம் நாட்டின் ‘பிராணன்’ என்ற கருத்தைக் கொண்டே விளக்கினார்.

இக்கூற்றை எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் சோதித்தாள். சிகிச்சையாளர்கள் ஓர் அட்டைத் தடுப்பின் துளைகள் வழியே இரு கைகளையும் நீட்டினர். மறுபுறம் எமிலி நாணயத்தைச் சுண்டி, ஏதாவது ஒரு கைக்கு மேல் 8 முதல் 10 செ.மீ. உயரத்தில் தன் கையை வைத்தாள். எந்தக் கைக்கு மேல் என்று அவர்கள் கூற வேண்டும். 21 பேர், 280 முயற்சிகள். சரியான விடைகள் 123, அதாவது 44%. குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி சரியாக இருக்கும். 1998 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் இதை வெளியிட்டது.

இச்சோதனைக்கு வரம்புகள் உண்டு. நோய் குணமாகிறதா என்பதை இது அளக்கவில்லை. விடை தெரிந்த எமிலியே சோதனையை நடத்தினாள். ஆனால் அவளிடமிருந்து குறிப்பு கசிந்திருந்தால் மதிப்பெண் கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. உணரவே முடியாத புலத்தை எப்படிச் சீர்செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஓர் அட்டையும் நாணயமும் இருந்தால் நம் மாணவர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

அற்புத ஆற்றலை ஏமாற்ற இடமில்லாத நிபந்தனைகளில் நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் இலங்கையில் ஆபிரகாம் கோவூர் அறிவித்தார். அவருக்குப் பின் கோவை போத்தனூரைச் சேர்ந்த பி. பிரேமானந்த் அச்சவாலைத் தொடர்ந்தார். பரிசை யாரும் வெல்லவில்லை.

பட்டாசு ஆலைகள் நிறைந்த சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளுக்கு இது ஏட்டுச் சர்ச்சை அன்று. தீக்காயத்தில் உடலின் நீர் வெளியேறுகிறது. கிருமித்தொற்றும் எளிதில் ஏற்படுகிறது. ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் காயத்தை 20 நிமிடம் காட்டுவதே முதலுதவி. பெரிய காயமானால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அடிபட்டவரின் கையைப் பிடித்துக்கொண்டால் மனதுக்கு ஆறுதல் கிடைக்கும், அது உண்மை. அந்த ஆறுதலைச் சிகிச்சை என்று எண்ணி ஒரு மணி நேரம் தாமதித்தாலும் இழப்பு காயம்பட்ட தொழிலாளிக்குத்தான்.