இறகுப்பூச்சிகளின் குலமும் கோத்திரமும்

கேரளத்தின் கரமனைக் கொல்லைகளில் அவரைப் பந்தல் பூக்கும்போது இறகுப்பூச்சியைத் தேடிப் பார்க்கலாம். உட்காரும்போது முன்சிறகுகளைச் சுருட்டி உடலுக்குக் குறுக்கே நீட்டி வைத்துக்கொள்ளும். காய்ந்த குச்சி என்று கடந்துவிடுவோம். விரித்தால் முன்சிறகு இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் பிளந்திருக்கும்.

இந்தப் பிளவுதான் இப்பூச்சிகளை வகைப்படுத்திய முதல் மரபின் அளவுகோல். 1758இல் லின்னேயஸ் ஒருவிரலி முதல் அறுவிரலி வரை எண்ணிப் பெயரிட்டு, எல்லாவற்றையும் 'அலூசிட்டா' என்ற ஒரே பிரிவில் அடக்கினார். கண்ணைக் கவரும் அடையாளமே ஏமாற்றும் அடையாளமாக முடிந்தது. அவருடைய அறுவிரலிக்கு ஒவ்வொரு சிறகிலும் ஆறு கீற்று. அது இன்று தனிக்குடும்பம். மறுபக்கம் 'அக்டிஸ்டிஸ்' பேரினத்துக்குச் சிறகில் பிளவே இல்லை. ஆனாலும் அது அசல் இறகுப்பூச்சிதான்: பின்சிறகின் அடியில், நரம்போரமாக ஓடும் சிறப்புச் செதில்களே இறகுப்பூச்சிக் குடும்பத்தின் முத்திரை.

அடுத்து வந்த எட்வர்ட் மெய்ரிக் சிறகு நரம்புகளை நம்பினார். கைலென்ஸே அவர் கருவி. பிறப்புறுப்பை அறுத்துப் பார்க்கும் முறையை அவர் ஏற்கவில்லை. அந்த முறையை முழுமையாகக் கையாண்டு கீலிஸ் 1993இல் பேரினங்களைத் திருத்தி அடுக்கினார். இன்றைய பட்டியல்கள் அதன்மேல்தான் நிற்கின்றன. மரபணு ஆய்வு வந்த பிறகும், இக்குடும்பத்துக்கு நெருங்கிய பங்காளி யார் என்பது தீரவில்லை.

எனக்கு மிகவும் உவப்பானது ஃபிளெட்சரின் வழி. கடற்படைக் கணக்கு அதிகாரியாக இருந்தவர், 1909இல் இலங்கை இறகுப்பூச்சிகளைப் பற்றி எழுதினார். பின்னர் கோயம்புத்தூரில் அரசுப் பூச்சியியலாளரானார். செத்த பூச்சியோடு நிற்காமல், புழு எதைத் தின்கிறது என்று வளர்த்துப் பார்த்தவர். துவரையைத் துளைக்கும் 'எக்ஸலாஸ்டிஸ் அட்டொமோசா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கூட்டுப்புழு பட்டுக்கூடு இல்லாமல் காயின் மேலேயே ஒட்டியிருக்கும். முடியும் முள்ளுமாக, புழுவென்றே தோன்றும். ஊசியில் குத்திய சிறகு இதைச் சொல்லாது.

கரமனையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த பண்ணைய ஆய்வு நிலையம் இருக்கிறது. ஆற்றங்கரையில் கொல்லைகளும் இருக்கின்றன. ஃபிளெட்சரைப் போலப் புழுவை அது தின்னும் செடியோடு எடுத்து, வலைமூடிய புட்டியில் வளர்த்து, செடியின் பெயரும் இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு நிலையத்தில் ஒப்படைத்தால், அது எந்த மரபினருக்கும் பயன்படும் சான்று. சீட்டில்லாத பூச்சியை யாரும் ஏற்க மாட்டார்கள்.