தொடுப்புகளின் வேகமும் காவலும்: போனக்காட்டு மூலிகை அறிவை முன்வைத்து

கிராஃப் டேட்டாபேஸ் எனப்படும் வரைபுத் தரவுத்தளம் பொருள்களைக் கணுக்களாகவும் அவற்றின் உறவுகளைத் தொடுப்புகளாகவும் வைத்துக்கொள்கிறது. அட்டவணைத் தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகளைப் பொருத்திப் பார்த்துத்தான் உறவைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே உறவே ஒரு பதிவாக எழுதப்பட்டிருக்கும். நியோஃபோர்ஜே போன்ற மென்பொருள்களால் பரவிய இந்த முறைக்குச் சைஃபர், கிரெம்லின், ஸ்பார்க்கிள் எனப் பல வினவல் மொழிகள் உண்டு. 2024 ஏப்ரலில் ஜிக்யூஎல் என்ற மொழி ஐஎஸ்ஓ தரமாகவே வெளிவந்தது. வினவலை விரைவாக்கவும் காக்கவும் கையாளப்படும் நடைமுறைகளில் சில, வேகத்தையும் காவலையும் ஒரே செலவில் தருகின்றன. வேறு சில, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிக்கின்றன.

இந்த உரசலை எடைபோட ஏற்ற களம் போனக்காடு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் விதுரா ஊராட்சியில், பாழடைந்த தேயிலைத் தொழிற்சாலையும் தமிழ்த் தொழிலாளர்களின் லயன் குடியிருப்புகளும் நிற்கும் மலையோரம் அது. அகத்தியர்கூடத்துக்கு ஏறுபவர்களின் நடை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த மலைக்காடுகளில் வாழும் காணி மக்களின் மூலிகை அறிவு, தொடுப்புகளால் ஆன தரவுக்கு அசல் எடுத்துக்காட்டு. 1987-இல் காட்டுக்குள் சென்ற ஆய்வுக் குழுவினர், வழிகாட்டிய காணிகள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கவனித்தார்கள். செடியின் பெயர் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கும் இரண்டு சதவீத உரிமைத்தொகைக்கும் உரிமம் தந்தது. வந்ததில் பாதியைக் காணிகளுக்குக் கொடுப்பதாக முடிவாகி, 1997-இல் அதற்கென அறக்கட்டளை பதிவானது. எல்லாக் காணிகளும் இதை ஏற்கவில்லை. விதுரா பகுதியைச் சேர்ந்த ஒன்பது பிளாத்திகள், அதாவது மருத்துவம் அறிந்த பெரியவர்கள், தங்கள் அறிவு தனியார் நிறுவனங்களுக்கு விற்கப்படுவதை எதிர்த்து 1995-இலேயே முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள்.

பிளாத்தி, ஊர், செடி, அது வளரும் இடம், தீர்க்கும் நோய், வேதிப்பொருள், மருந்து, உரிமம் பெற்ற நிறுவனம், பங்குத்தொகை என இந்த வரலாறு முழுவதையும் ஒரு வரைபாகத் தீட்டலாம். ‘இந்த மருந்தின் வருவாய் எந்த ஊரின் அறிவுக்குக் கடன்பட்டது?’ என்ற கேள்வி அட்டவணைகளில் ஐந்தாறு இணைப்புகளைக் கேட்கும். வரைபில் அது ஒரே பாதை. அதே பாதையைத் திருப்பி நடந்தால், ‘இந்தச் செடியைக் காட்டிக்கொடுக்கக்கூடியவர் யார், அது எங்கே வளர்கிறது?’ என்பதற்கும் விடை வந்துவிடும். ஆரோக்கியப்பச்சைக்குச் சந்தை உண்டானபோது காட்டிலிருந்து செடி திருட்டுத்தனமாகப் பிடுங்கப்பட்டதை நினைத்தால், இந்த இரண்டாம் கேள்வி கற்பனை அச்சம் அல்ல.

முதலில் வேகம். கணுவோடு அதன் தொடுப்புகளின் முகவரியும் சேர்த்தே வைக்கப்படுவதால், ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குத் தாவ இண்டெக்ஸைத் தேட வேண்டியதில்லை என்பதே வரைபு முறையின் பெரிய வாக்குறுதி. தொடங்கும் கணு தெரிந்து இரண்டு மூன்று தாவலில் வேலை முடியும்போது வாக்குறுதி நிறைவேறுகிறது. தொடக்கம் தெரியாவிட்டால் நிலைமை தலைகீழ். எந்தக் கணுவிலிருந்தும் தொடங்கலாம் என்று விடப்பட்ட வினவல் முழுத் தளத்தையும் துழாவும். ஆகவே முதல் கணுவைக் கண்டுபிடிக்க மட்டுமாவது இண்டெக்ஸ் கட்டாயம் வேண்டும். ‘இண்டெக்ஸ் தேவைப்படாத முறை’ என்ற விளம்பரத்தை நம்பி இதை விட்டவர்களின் வினவல்கள்தான் பெரும்பாலும் மெதுவாக ஓடுகின்றன.

அடுத்தது தாவலின் எண்ணிக்கை. ஒவ்வொரு கணுவுக்கும் சராசரியாக 50 தொடுப்பு இருந்தால் நான்கு தாவலில் 62.5 லட்சம் பாதைகள், ஐந்தாவதில் 31.25 கோடி. ‘எத்தனை தாவலானாலும் சரி’ என்று எழுதப்பட்ட ஒரே வரி, சேவையகத்தை மண்டியிடச் செய்யப் போதும். மேல்வரம்பு இடுவதும் தொடுப்பின் வகையையும் திசையையும் குறிப்பிடுவதும் இதற்கு மருந்து. இங்கே வேகமும் காவலும் ஒன்றாகவே கிடைக்கின்றன: எல்லையில்லாத பாதையைத் தடுக்கும் அதே வரம்பு, வேண்டுமென்றே கனமான கேள்வி அனுப்பிச் சேவையை முடக்க நினைப்பவரையும் தடுக்கிறது.

எல்லாக் கணுக்களும் ஒரே கனமுடையவை அல்ல. ‘காய்ச்சல்’ என்ற கணுவில் நூற்றுக்கணக்கான செடிகள் வந்து விழும். அரிய நோயொன்றில் இரண்டே இரண்டு. பருத்த கணு வழியாகப் போகும் வினவல் திணறும். வினவல் திட்டமிடும் கருவி எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று முன்கூட்டிக் கணிக்கிறது. ஆனால் பண்புகள் ஒன்றையொன்று சாராதவை என்ற எளிய அனுமானத்தில் கணிப்பதால் அடிக்கடி தவறுகிறது. திட்டத்தைக் காட்டும் கட்டளையை ஓட்டி, எந்தப் படியில் எத்தனை பதிவுகள் தொடப்பட்டன என்று கண்ணால் பார்ப்பதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை.

மூன்று கணுக்கள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று தேடும் முக்கோண வடிவக் கேள்விகளில் சிக்கல் வேறு. மூன்று தொடுப்பு வகைகளில் ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் பதிவுகள் இருந்தால் விடை 100 கோடியைத் தாண்ட முடியாது என்று 2008-இல் நிறுவப்பட்ட வரம்பு ஒன்று உண்டு. இரண்டிரண்டாக இணைக்கும் பழைய முறையோ இடைநிலையில் லட்சம் கோடி வரிசைகள் வரை பெருக்கக்கூடும். மூன்றையும் ஒருசேர இணைக்கும் அல்காரிதங்கள் 2012 முதல் வந்து இதைச் சரிசெய்திருக்கின்றன.

பாதுகாப்பில் முதலிடம் பெறும் அறிவுரை, பயனர் தட்டச்சு செய்ததை வினவல் வாசகத்தோடு ஒட்டாமல் அளவுருவாகத் தனியே அனுப்பு என்பது. ஒட்டினால், செடியின் பெயர் கேட்கும் பெட்டியில் மேற்கோள்குறியை மூடிவிட்டு அழிக்கும் கட்டளை ஒன்றை எழுதிவிடலாம். சைஃபரில் வெளிக்கோப்பை ஏற்றும் கட்டளையையே தரவை வெளியே கடத்தும் குழாயாக மாற்றவும் முடியும். அளவுரு இதைத் தடுப்பதோடு வேகமும் தருகிறது: வாசகம் மாறாததால், ஒருமுறை தீட்டிய திட்டத்தைத் தளம் சேமித்து மீண்டும் பயன்படுத்துகிறது.

இந்த நடைமுறை பெற்ற புகழ் நியாயமானதே. குறைகள் மட்டும் போதுமான அளவு பேசப்படுவதில்லை. சேமித்த திட்டம் அரிய நோய்க்காகத் தீட்டப்பட்டிருந்தால், அடுத்து ‘காய்ச்சல்’ என்ற மதிப்போடு வரும் அதே வினவல் தவறான பாதையில் ஓடும். நெடுங்காலமாகச் சைஃபரில் கணுவின் வகையையும் தொடுப்பின் பெயரையும் அளவுருவாகத் தர முடிந்ததில்லை. அந்த இடத்தில் நிரலர் மறுபடி வாசகத்தை ஒட்டுகிறார், ஓட்டையும் அங்கேதான் விழுகிறது. அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே ஒட்டுவது தற்காப்பு. பயனரின் பேச்சுமொழிக் கேள்வியை மொழிமாதிரி ஒன்றே சைஃபராக எழுதித் தரும் இக்காலத்தில் அளவுரு என்ற அரணே பொருளிழக்கிறது, ஏனெனில் வினவல் முழுவதையும் எழுதுவது அந்நியக் கை. 2024-இல் லாங்செயின் என்ற பிரபல நூலகத்தின் இத்தகைய உறுப்பில் பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டது. படிக்க மட்டுமே உரிமையுள்ள கணக்கில் அதை ஓட்டுவது குறைந்தபட்ச எச்சரிக்கை. அதுவும் அழிவைத்தான் தடுக்கும், கசிவைத் தடுக்காது.

கசிவுக்கு எதிராக வைக்கப்படுவது அணுகல் உரிமை. நியோஃபோர்ஜேயின் நான்காம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு பயனர் வகைக்கும் எந்தக் கணுவைக் கடக்கலாம், எந்தப் பண்பைப் படிக்கலாம் என்று தனித்தனியாக வரையறுக்கலாம். இது வணிகப் பதிப்பில் மட்டும் என்பது சிறு நிறுவனங்களுக்கு இடிக்கும் செய்தி. பிளாத்தி கணுவைக் கடக்க உரிமையில்லாத ஆய்வாளருக்கு அப்படியொரு கணு இருப்பதே தெரியாது. இதற்கான விலை வேகம். ஒவ்வொரு தாவலிலும் உரிமை சரிபார்க்கப்படுகிறது. முன்கூட்டி எண்ணி வைத்த தொகையை அப்படியே எடுத்துத் தர முடியாமல் மறுபடி எண்ண வேண்டியிருக்கிறது. மேலும் ஒளிவு முழுமையானதும் அல்ல. மறைக்கப்பட்ட கணு வழியே போகும் குறுகிய பாதை ஒருவருக்கு இரண்டு தாவல், மற்றொருவருக்கு நான்கு. விடைகளை ஒப்பிட்டால் நடுவில் ஏதோ இருப்பது புலப்படும். பதில் வர ஆகும் நேரமும் சில சமயம் துப்புக் கொடுக்கும்.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை இன்னும் பலவீனமானது. வரைபின் வடிவமே கைரேகை. சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பெயர் நீக்கப்பட்ட டிவிட்டர் வரைபை ஃப்ளிக்கர் வரைபோடு பொருத்தி, இரண்டிலும் கணக்கு வைத்திருந்தோரில் மூன்றில் ஒரு பங்கினரை 12 சதவீதப் பிழையோடு அடையாளம் கண்டார்கள். பல லட்சம் பேர் உள்ள வரைபிலேயே இது நேர்ந்தால், பிளாத்திகள் விரல்விட்டு எண்ணத்தக்க ஒரு மலைப்பகுதியில் ‘இன்ன ஊர், இன்னின்ன மூன்று செடி’ என்பதே ஆளைக் காட்டிவிடும். விடைகளில் சிறு இரைச்சலைக் கலக்கும் வேற்றுமைசார் தனியுரிமை முறை பெரிய தொகுப்புக்குக் கைகொடுக்கும். சிறிய சமூகத்தில் இரைச்சலே விடையை விழுங்கிவிடுகிறது.

அளவு பற்றிய இந்தக் கணக்கு வேகத்துக்கும் பொருந்தும். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்ட இம்பாட் தொகுப்பில் 1,742 இந்திய மூலிகைகளும் 9,596 வேதிப்பொருள்களும் 1,124 மருத்துவப் பயன்களும் இருந்தன. செடிக்கும் வேதிப்பொருளுக்கும் 27,074 தொடுப்பு, செடிக்கும் பயனுக்கும் 11,514. நாடு தழுவிய அந்தத் தொகுப்பே அப்போது ஏறத்தாழ 12,500 கணுவும் 38,600 தொடுப்பும்தான். இது ஒரு கைபேசியின் நினைவகத்தில் அடங்கும். ஓர் ஊராட்சி தன் எல்லையிலுள்ள உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் குறித்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்குச் சாதாரண அட்டவணைத் தரவுத்தளமே மிகை. இந்த அளவில் மைக்ரோநொடிகளைத் துரத்துவது வீண். வங்கிப் பரிவர்த்தனை போன்ற கோடிக்கணக்கான தொடுப்புகளுக்காக எழுந்த வேக மோகத்தைச் சிறிய, அந்தரங்கமான தரவின்மேல் அப்படியே போர்த்துவதுதான் இன்றைய நடைமுறையின் பெரிய குறை எனலாம்.

மாற்று வழிகளில் மிகவும் உறுதியானது பிரித்து வைத்தல். செடி, வேதிப்பொருள், பயன் ஆகியவை பொதுத் தளத்தில். பிளாத்தி, ஊர், இடம் ஆகியவை வேறொரு தளத்தில். இரண்டையும் கோக்கும் திறவுகோல் மூன்றாவது கையில். பொதுத் தளத்தில் இனி ஒவ்வொரு தாவலிலும் உரிமை பார்க்க வேண்டியதில்லை என்பதால் வேகமும் திரும்புகிறது. 2001-இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்னூலகம் வேறொரு வகையில் இதே மனப்பாங்கைக் காட்டியது. மஞ்சளுக்கான அமெரிக்கக் காப்புரிமையைப் போராடி 1997-இல் நீக்க வேண்டியிருந்த அனுபவத்துக்குப் பின், அது காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும் உடன்படிக்கையின் பேரில் திறக்கப்பட்டது. 2022-இல்தான் பிற பயனர்களுக்கும் திறக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆனால் அந்நூலகத்திலிருப்பது பெரும்பாலும் ஆயுர்வேத, யுனானி, சித்த ஏட்டறிவு. வாய்மொழியாக வரும் காணி அறிவுக்கு அது அரணாகாது.

தயாராக எழுதிவைத்த சில வினவல்களை மட்டும் வெளியாருக்குத் திறப்பது மற்றொரு வழி. திட்டங்களை முன்கூட்டிச் சோதிக்கலாம். பாதையின் நீளம், நேர வரம்பு, விடையின் அளவு அனைத்தும் கைக்குள் இருக்கும். எதிர்பாராத கேள்வியைக் கேட்கத்தான் வரைபு முறையே தேர்ந்தெடுக்கப்பட்டது என்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். சமரசமாக, நம்பகமான ஆய்வாளர்களுக்குக் கட்டற்ற வினவல் மொழியைத் தந்து, எல்லா வினவல்களையும் ஒரு பதிவேட்டில் குறித்துவைக்கிறார்கள். பதிவேட்டை யாரும் படிக்காதவரை அது காவல் இல்லை.

மிகக் கடினமான கேள்வி இசைவைத் திரும்பப் பெறுதல். ஒரு பிளாத்தி தன் அறிவை நீக்கச் சொன்னால் ஒரு கணுவை அழிப்பது எளிது. அதிலிருந்து முன்பே கணித்து வைத்த குறுக்குப் பாதைகளும் வேகத்துக்காகச் சேமித்த விடைகளும் அழியாமல் கிடக்கும். வேகத்தைக் கூட்டிய அதே உத்திகள் மறதியைக் கெடுக்கின்றன. ஒவ்வொரு வழித்தோன்றல் தொடுப்பிலும் அது எந்த மூலத் தொடுப்புகளிலிருந்து வந்தது என்று எழுதிவைத்தால் அழிப்பைச் சங்கிலியாகத் தொடரலாம்; இதனால் தளம் பருக்கும், எழுதும் வேகம் குறையும். காப்புநகல்களுக்கு இதுவும் போதாது. நகலை மீட்டெடுக்கும் ஒவ்வொரு முறையும் விலகிக்கொண்டவர்களின் பட்டியலை அதன்மேல் மறுபடி ஓட்ட வேண்டும், அந்தப் பட்டியலும் காவல் தேவைப்படும் தரவுதான்.