மூன்று கிளைமாக்ஸ்

1985 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ‘க்ளூ’ படத்தை விமர்சகர்கள் கழுவி ஊற்றினார்கள். வசூலும் படுத்துவிட்டது. ஒரு பலகை விளையாட்டைப் படமாக்கி, தியேட்டருக்குத் தியேட்டர் வேறு கொலையாளியைக் காட்டியது பலருக்கு வெறும் வியாபார உத்தியாகவே பட்டது. பிறகு வீடியோ கேசட்டிலும் டிவியிலும் மூன்று முடிவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சின்ன வயதில் நான் பார்த்தது அதைத்தான். படம் பிழைத்துக்கொண்டதும் அப்படித்தான்.

இப்போது மறுபடி பார்த்தால் டிம் கரியை விட்டுக் கண் நகர மாட்டேன் என்கிறது. பட்லராக வரும் அவர், கடைசிப் பகுதியில் அந்த இரவு நடந்ததையெல்லாம் அறை அறையாக ஓடி நடித்துக் காட்டுகிறார். விருந்தாளிகள் கும்பலாகப் பின்னாலேயே ஓடுகிறார்கள். அலறுவதும் அவரே, தரையில் பிணமாகச் சரிவதும் அவரே. மூச்சிரைக்கிறது, ஆனால் ஒரு சொல்கூடச் சிதறுவதில்லை. மேடையில் ஊறிய நடிகருக்குத்தான் இது கைவரும்.

விருந்தாளிகளில் ஒருவராக வரும் மேடலின் கானைச் சொல்லாமல் விட முடியுமா? வெறுப்பைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல், காற்றில் கையை அளைந்தபடி அவர் திணறும் அந்தச் சில நொடிகள் எழுதிக்கொடுத்த வசனமே அல்ல. படப்பிடிப்பில் அவராகச் சேர்த்தது. ரசிகர்கள் இன்றும் அதிகம் நடித்துக் காட்டுவது அந்த இடத்தைத்தான்.