மானை அவர் ஏன் காப்பாற்றுவதில்லை?

கழக்கூட்டத்துக்காரர் களைத்துவிட்டார் என்று இந்தக் கதகளி சீசன் முழுக்க ஒரே பேச்சு. பகலில் பள்ளிக்கூடம், ராத்திரியில் எழுத்து, நடுவில் வேஷம். மூன்று தோணியில் கால் வைத்தவர் எங்கே கரையேறப் போகிறார் என்கிறார்கள். சாட்சிக்கு எல்லாரும் காட்டுவது ஒரே இடம்தான்: நளசரிதம் மூன்றாம் நாள், காட்டில் பாகுகன், அந்த மான். நானும் அந்த ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பத்தியில் ஆட்டக்காரர் பெயர் எழுதுவதில்லை. பத்மநாபசுவாமி கோயில் நாடகசாலைக்கு முன்னால் வேட்டியை மடித்துக்கொண்டு விடிய விடிய உட்காருகிறவர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.

வழக்கமான ஆட்டம் எப்படிப் போகும்? கார்க்கோடகன் மறைந்தாயிற்று. உருக்குலைந்த நளன், பாகுகனாக அயோத்திக்குக் கிளம்பி, வழியில் காட்டைப் பார்க்கிறான். இது இளகியாட்டம், நடிகரின் மனோதர்மம். பாட்டு இல்லை, செண்டையும் மத்தளமும்தான். நிறைசூலான மான் ஒன்று. ஒரு பக்கம் காட்டுத்தீ, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் புலி, ஒரு பக்கம் வில்லோடு வேடன். அப்புறம் மின்னல், மழை. அம்பு குறி தப்புகிறது, மான் பிழைத்துக் குட்டி போடுகிறது. ஆளுக்கு ஆள் வரிசை மாறும், விவரம் மாறும். மான் பிழைப்பது மட்டும் மாறாது. மழை இறங்கினதும் பந்தலில் எல்லாரும் மூச்சு விடுவார்கள்.

நம்மவர் மானுக்கான மிருகசீர்ஷ முத்திரை பிடிக்கிறார். மான் தீயைப் பார்க்கிறது, மூக்கு விடைக்கிறது. ஆற்றைப் பார்க்கிறது. புலியைப் பார்க்கிறது. வேடன் பக்கம் திரும்ப வேண்டும். கழுத்து திரும்புகிறது, கண் திரும்பவில்லை, இன்னும் புலி மேலேயே நிற்கிறது. செண்டைக்காரர் மழைக்காகக் கோலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அந்த நேரத்தில் முத்திரை அவிழ்கிறது. இப்போது அது பாகுகனின் கை. தன்னுடையதுதானா என்று அதைப் புரட்டிப் பார்க்கிறான். பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறான். ஏழெட்டு நிமிஷ ஆட்டம் போச்சு.

களிப்பிராந்தர்கள், அதாவது கதகளிப் பைத்தியங்கள், கொதித்துப்போனது இங்கேதான். உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றார் ஒருவர். காலையில் முதல் பீரியட் இருந்திருக்கும் என்றார் இன்னொருவர். சிரிப்பு வருகிறது. களைத்த ஆட்டக்காரர் எதை விடுவார்? கலாசத்தை விடுவார், கால் அசைகிற இடத்தையெல்லாம் மிச்சம் பிடிப்பார். இவர் கலாசத்தில் ஒரு அடி குறைக்கவில்லை. விட்டது மழையை. மழைக்கு விரல் போதும், முழங்கால் வேண்டாம். மிச்சப்படுத்த நினைக்கிறவர் இவ்வளவு மலிவான இடத்திலா கை வைப்பார்?

இது எழுதுகிறவரின் முடிவு. கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். சற்று முன்னால்தான் நளன் தீயில் மாட்டிய பாம்பு ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறான். காப்பாற்றினதற்குக் கூலியாகக் கடியும் வாங்கியிருக்கிறான். கடித்த கார்க்கோடகனே இது உன் நன்மைக்குத்தான் என்று சொல்லி, பழைய உருவம் திரும்ப ஆடையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். தீயும் வந்தாயிற்று, காப்பாற்றலும் வந்தாயிற்று, ஆறுதலும் வந்தாயிற்று. மறுபடி ஒரு தீ, மறுபடி ஒரு காப்பாற்றல், மறுபடி ஓர் ஆறுதல் எதற்கு? உண்ணாயி வாரியரின் பதத்தில் இந்த மான் கிடையாது. நடிகர்கள் வளர்த்த மான் அது. வளர்த்தவர்களுக்கு வெட்டவும் உரிமை உண்டு. ஆட்டக்கதை எழுதிப் பழகியவர் கண்ணில் ஒரே சேதி இரண்டு தடவை வருவது உறுத்தத்தான் செய்யும்.

வாத்தியார் பாதி இன்னும் சுவாரசியம். கழக்கூட்டம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மொட்டைமாடியில் ஞாயிறு காலை அவர் பிள்ளைகளுக்கு இதே மானைச் சொல்லித் தருகிறார். முழு மான், மழையோடு. நான் போன அன்று ஒரு பையன் வேடன் வில்லை வளைப்பதற்குள் மழையை இறக்கிவிட்டான். திட்டு பலமாகக் கிடைத்தது. முதலிலிருந்து மூன்று தடவை ஆடவைத்தார். முழுதாக ஆடத் தெரிந்தவன்தான் பாதியில் நிறுத்தலாம் என்பது அவர் கட்சி. ஒன்றையே வாரா வாரம் உடைத்து உடைத்துக் காட்டுகிறவருக்கு, அதில் எந்த மூட்டு தாங்குகிறது, எது சும்மா தொங்குகிறது என்று தெரிந்துபோகிறது. மேடையில் மட்டும் ஆடுகிறவருக்கு இது வாய்ப்பதில்லை. கைதட்டல் வருகிற இடமெல்லாம் அவருக்கு அவசியமான இடம்தான்.

கதகளியில் ஆடுவதும் சொல்லித்தருவதும் ஆசானிடம் இருந்தன. எழுத்து பெரும்பாலும் அரண்மனைப் பக்கம் இருந்தது. 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ஆட்டக்கதைகளும் எழுதினார், பாலராமபரதம் என்ற நாட்டிய இலக்கணமும் எழுதினார். இரயிம்மன் தம்பி கீசகவதம், உத்தராசுயம்வரம், தட்சயாகம் எழுதினார். 1930-ல் கலாமண்டலத்தைத் தொடங்கிய வள்ளத்தோளும் கவிஞர்தான். எழுத்தையும் வேஷத்தையும் ஒரே ஆள் சுமந்தால் மலையாள ரசிகர் புருவம் தூக்குவதற்குக் காரணம் உண்டு. தமிழர்களான நாமும் சேர்ந்து தூக்குவதுதான் எனக்குப் புரியவில்லை. 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவின் வாத்தியார் எமனாகவும் சனீஸ்வரனாகவும் வேஷம் கட்டியவர், நாடகங்களை எழுதிக் குவித்தவர், பையன்களை உட்காரவைத்துப் பாடம் சொன்னவர். அந்தப் பையன்களில் திருவனந்தபுரத்துப் பிள்ளைகளும் உண்டு. அவரைப் பார்த்து யாராவது மூன்று தோணி என்றார்களா?

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். பக்கமேளத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல் நிறுத்துவது அநியாயம். தூக்கிய கோலோடு ஒரு மனிதர் சபையில் அசடு வழிய நிற்கிறார். மார்ச் மாதமும் நம்மவருக்கு ஆகாத மாதம். பத்தாம் வகுப்புப் பரீட்சையும் கோயில் உற்சவங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. அப்போது அவர் நிறுத்துகிற சில இடங்களுக்குக் களைப்பைத் தவிர வேறு காரணம் எனக்கும் தெரிவதில்லை. அவருடைய சமநிலை நாள் கணக்கில் வருவதல்ல, வருஷக் கணக்கில் வருவது. விருச்சிகத்திலிருந்து மேடம் வரை வேஷம், மழைக்காலத்தில் எழுத்து, கர்க்கடகத்தில் உழிச்சில். ஒரு மார்ச்சை வைத்து ஆளை எடை போடக்கூடாது.

நம் கண்ணும் கெட்டிருக்கிறது. காரியவட்டம் மைதானத்தின் முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டம், 2017 நவம்பர் 7, மழையால் 8 ஓவராகச் சுருங்கியது நினைவிருக்கும். அன்று ஸ்டம்புக்கு வெளியே போன பந்தை ஒருவர் தொடாமல் விட்டிருந்தால் ஊரே திட்டியிருக்கும். அந்தக் கண்ணோடுதான் இரவு முழுக்க நடக்கும் ஆட்டத்துக்கும் வந்து உட்காருகிறோம். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நாகர்கோவில் பையன் ஒருவன், முதன்முதலாகக் கதகளி பார்த்தவன், ஆட்டம் முடிந்து பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் கேட்டது இதுதான்: “அந்த மான் என்ன ஆச்சு அண்ணாச்சி?” முப்பது வருஷம் பார்த்தவர்கள் மழையைக் கேட்டார்கள். அவன் மானைக் கேட்டான்.

இனி என்ன நடக்கும்? மூன்றாம் நாளில் சேமித்த நேரத்தை அவர் இரண்டாம் நாளில் செலவழிப்பார். தூங்குகிற தமயந்தியை விட்டு நளன் பிரிகிற இடம் இந்த உற்சவத்தில் நீளும், பொறுமை சோதிக்கிற அளவுக்கு நீளும். இழுக்கிறார் என்று அப்போதும் திட்டுவார்கள், திட்டுவதும் அதே ஆட்களாகத்தான் இருப்பார்கள். புது ஆட்டக்கதை வரும். அதில் வேஷங்கள் குறைவாக இருக்கும், போர் இருக்காது, அமைப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். மூன்று நான்கு வருஷத்தில் மொட்டைமாடிப் பிள்ளைகள் மேடைக்கு வந்து, காரணம் தெரியாமல் மழையை விடுவார்கள். அது பார்க்கச் சகிக்காது. அந்தப் பாவத்தில் அவருக்கும் பங்கு உண்டு. எனக்கும், இந்தப் பத்திக்காக.

மானுக்கு மழை வேண்டும் என்கிற கட்சிக்கு ஒரு பந்தயம். பங்குனி உற்சவத்தில் பாகுகன் இவராகவே இருந்து மழையும் பெய்தால், கழக்கூட்டம் சந்திப்பில் அன்று வருகிற எல்லாருக்கும் பரோட்டாவும் சாயாவும் என் கணக்கு. பெய்யாவிட்டால் செண்டைக்காரருக்கு மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுத்தால் போதும்.