கேள்வித்தாளை எழுதியது யார்?

ரோமின் ஆட்சிக்குக் கட்டுப்படாமல், ஆனால் தங்களைக் கத்தோலிக்கர் என்றே அழைத்துக்கொள்ளும் திருச்சபைகள் உலகில் பல இருக்கின்றன. பூசை, ஏழு அருளடையாளங்கள், ஆயர், குரு எல்லாம் அவற்றிலும் உண்டு. போப்பாண்டவர் போதனையில் தவறவே மாட்டார் என்பதை அவை ஏற்பதில்லை. இந்தச் சுயேச்சைச் சபைகளில் ஒரு பகுதி, தங்களை 'எல்லோரையும் ஏற்கும் சபை' என்று அறிவித்திருக்கின்றன. பெண்ணுக்குக் குருப்பட்டம் தரலாம். மணமுறிவுக்குப்பின் மறுமணம் செய்தவர் நன்மை எடுக்கலாம். கருத்தடை தம்பதியின் மனச்சாட்சிக்கு உட்பட்டது. ஒருபால் இணையருக்கும் கோயிலில் இடம் உண்டு. பொதுவாக இவையே அவற்றின் நிலைப்பாடுகள். கன்னியாகுமரி மாவட்டத்தின் ஒரு கடற்கரைப் பங்கில் வளர்ந்த எனக்கு, இவற்றைப் படித்தபோது மகிழ்ச்சிதான் முதலில் வந்தது. அந்த மகிழ்ச்சி எதுவரை செல்லும் என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

மகிழ்ச்சிக்குக் காரணம் இருக்கிறது. பெண் குருவாக முடியாது என்று 1976இல் ரோம் விளக்கம் எழுதியது. 1994இல் இரண்டாம் ஜான் பால், திருச்சபைக்கே அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிப் பேச்சை முடித்துவைத்தார். 2002இல் டான்யூப் நதியில் ஒரு கப்பலில் ஏழு பெண்கள் குருப்பட்டம் பெற்றபோது அவர்களைச் சபைக்குப் புறம்பாக்கியது. 2021இல் திருத்தப்பட்ட திருச்சபைச் சட்டத்தில், பெண்ணுக்குப் பட்டம் கொடுக்க முயல்வதே குற்றப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் ஜெர்மனியின் பழைய கத்தோலிக்கத் திருச்சபையில் 1996இலேயே பெண்கள் குருக்களாகிவிட்டார்கள். அங்கே அதே அப்பம், அதே இரசம், அதே விசுவாசப் பிரமாணம். எதுவும் இடிந்து விழவில்லை. நம் பக்கத்திலும் தென்னிந்தியத் திருச்சபை 2013இல் நந்தியால் மறைமாவட்டத்துக்கு ஒரு பெண்ணை, புஷ்பலலிதாவை, ஆயராக்கியது. பெண் பீடத்தில் நின்றால் விசுவாசம் கெட்டுவிடும் என்ற வாதத்துக்கு இந்தச் சபைகளின் ஒவ்வொரு ஞாயிறும் பதில் சொல்கிறது. இந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

ஆனால் இதே வரலாற்றை ஆண்டு எண்களோடு படித்தால் வேறொன்றும் தெரிகிறது. 1870இல் வத்திக்கான் சங்கம் போப்பின் தவறாவரத்தை அறிவித்தது. அதை மறுத்த ஜெர்மானியர்கள் 1873இல் தங்கள் முதல் ஆயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1878இல் குருக்கள் கட்டாயம் துறவு காக்க வேண்டியதில்லை, திருமணம் செய்துகொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். பெண்களுக்குக் குருப்பட்டம் கிடைத்தது 1996இல். ஆணின் கட்டு அவிழ ஐந்து ஆண்டு. அதன்பின் பெண்ணின் முறை வர 118 ஆண்டு. ரோமிலிருந்து விடுதலை பெற்றதாலேயே ஒரு சபை ஆண்களிடமிருந்தும் விடுதலை பெற்றுவிடுவதில்லை.

இந்தச் சுயேச்சை மரபின் ஒரு வேர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோவாவைச் சேர்ந்த குரு அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் அல்வாரிஸ், போர்த்துகீசிய அரசின் மறைப்பணி உரிமையை ரோம் சுருக்கியதை எதிர்த்துப் பிரிந்தார். 1889இல் கோட்டயத்தில் சிரியன் ஆர்த்தோடாக்ஸ் ஆயர்கள் அவரை ஆயராக்கினார்கள். இலங்கை, கோவா, இந்தியாவுக்கான சுயேச்சைக் கத்தோலிக்கத் திருச்சபை அவருடையது. கொழும்பிலும் திண்டுக்கல்லிலும் அதற்கு மக்கள் இருந்தார்கள். 1892இல் கொழும்பில் ஜோசப் ரெனே விலாட் என்பவரை அல்வாரிஸ் ஆயராக்கினார். அமெரிக்காவின் சுயேச்சைச் சபைகள் பல, தங்கள் ஆயர் வரிசையை இந்த விலாட் வழியாகவே எண்ணுகின்றன. குமரி முனைக்கு ஒரு பக்கம் கோட்டயம், மறுபக்கம் கொழும்பு. நம் கரையைச் சுற்றித்தான் இந்த வரிசை போயிருக்கிறது. ஆனால் அன்று நடந்த சண்டை எந்த ஆணின் கையில் கோயில் சாவி இருக்க வேண்டும் என்பது. பெண்கள் அதில் பேச்சாகவே இல்லை.

பெண்ணே தொடங்கிய இயக்கத்திலும் பெண்ணின் இடம் உறுதியாகிவிடவில்லை. போலந்தின் மரியாவித்து இயக்கத்தைத் தொடங்கியவர் ஃபெலிக்சா கொஸ்லோவ்ஸ்கா என்ற கன்னியர். 1906இல் ரோம் அவரைப் பெயர் சொல்லிப் புறம்பாக்கியது. அவர் இறந்தபின், 1929இல், சபையின் ஆயர் கோவால்ஸ்கி கன்னியர்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தார். 1935இல் அவரைப் பதவியிறக்கிய பெரும்பான்மையினர், பெண் குருத்துவத்தையும் கூடவே எடுத்துவிட்டார்கள். அவரோடு பிரிந்துபோன சிறிய குழுவில் மட்டுமே அது தொடர்ந்தது. ஓர் ஆண் கொடுத்ததை, அந்த ஆண் விழுந்தபோது மற்ற ஆண்கள் பறித்துக்கொண்டார்கள். சட்டமும் வாக்கும் பெண்கள் கையில் இல்லாத இடத்தில் பட்டம் என்பது இரவல் நகை மாதிரி.

இனி இந்தச் சபைகளின் நிலைப்பாட்டுப் பட்டியலுக்கு வருகிறேன். கருத்தடை, கருக்கலைப்பு, மணமுறிவு, ஒருபால் உறவு, துறவு. 'அறநெறிக் கேள்விகள்' என்று அவை எடுத்துக்கொள்பவை பெரும்பாலும் இவையே. இந்தப் பட்டியலைப் போட்டது ரோம். ரோம் 'கூடாது' என்ற இடத்தில் இவர்கள் 'கூடும்' என்கிறார்கள். விடை மாறியிருக்கிறது, கேள்வித்தாள் அப்படியே இருக்கிறது. அந்தத் தாளில் அறம் என்பது படுக்கையறைக்குள் நடப்பது மட்டும்தான். சீதனம் அதில் இல்லை. மகளின் சொத்துரிமை இல்லை. வீட்டுக்குள் விழும் அடி இல்லை. சாதி இல்லை. பள்ளிக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் கன்னியர்கள் தரும் உழைப்பு இல்லை.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அங்கே 1916ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. சில தாலுகாக்களில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பங்கு என்ற வழக்கம் இருந்த இலத்தீன் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகளில் சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. எங்கள் மாவட்டத்துக்கு இந்தச் சட்டமா, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமா என்பதில் 1970களில் சென்னை உயர்நீதிமன்றமே இருவேறு தீர்ப்புகள் சொன்னது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே இந்தியச் சட்டம்தான் செல்லும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்றது. கிறிஸ்தவப் பெண்ணின் வாழ்வை மாற்றிய மிகப் பெரிய அறநெறித் தீர்ப்புகளில் இது ஒன்று. இதைப் பெற்றுத்தந்தது எந்த ஆயர் மன்றமும் அல்ல. சகோதரனோடு வழக்காடத் துணிந்த ஒரு பெண்.

அடுத்தது மனச்சாட்சி. 'உன் மனச்சாட்சிப்படி முடிவு செய்' என்பது இச்சபைகளின் அடிப்படை வாக்கியம். எங்கள் ஊர்ப் பெண்கள் இதை எந்தச் சபையிடமும் கேட்டுக் கற்கவில்லை. அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு, புண் ஆறியதும் வந்து நன்மை எடுக்கிறார்கள். ரோமின் 1968ஆம் ஆண்டு சுற்றுமடல் அவர்கள் தலைக்குமேல் பறந்து போய்விட்டது. இந்த மாவட்டத்து முக்குவப் பெண்களைப் பற்றிக் கல்பனா ராம் எழுதி 1991இல் வந்த நூல், மாதாவையும் இசக்கியையும் தங்கள் உடலின் துயரத்தோடு சேர்த்து அவர்கள் புரிந்துகொள்ளும் விதத்தைக் காட்டுகிறது. ஆகவே குறை மனச்சாட்சியில் இல்லை. அந்த மனச்சாட்சிக்குப் பதிவேட்டில் இடமில்லை என்பதில்தான் இருக்கிறது.

கடற்கரையில் பங்கு என்பது ஊரேதான். ஓலை வாசிப்பது அங்கே. கல்லறையில் ஆறடி இடம் அங்கே. பிள்ளையின் பள்ளிக்கூடச் சீட்டுக்குக் கடிதம் அங்கே. மீன்பாட்டில் கோயிலுக்கு ஒரு பங்கு எடுக்கும் குத்தகை முறை இந்தக் கரையில் இருந்தது. 2017இல் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாதபோது பெயர்ப் பட்டியல் திரண்டதும் பங்குகளில்தான். என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, குடித்து அடிக்கும் கணவனை விட்டு வந்து, பதிவு அலுவலகத்தில் மறுமணம் செய்துகொண்டாள். பதினாறு வருடமாக அவள் பூசைக்குப் போகிறாள், நன்மை எடுப்பதில்லை. அன்பியக் கூட்டத்துக்குப் பாய் விரிக்கிறாள், செபத்தை நடத்த அவளை அழைப்பதில்லை. 'உன்னை ஏற்கும் வேறு சபை இருக்கிறது' என்று நான் அவளிடம் சொல்லலாம். அவள் கேட்பாள்: "அங்கே எங்க அம்மை கல்லறை இருக்காட்டி?"

இந்தக் கேள்விக்குச் சுயேச்சைச் சபைகளிடம் விடை இல்லை. வெளியேறக் கூடியவர்களுக்கே அவற்றின் கதவு திறந்திருக்கிறது. சொந்தச் சம்பளம், ஊரைத் தாண்டிய வாழ்வு, இன்னொரு நகரம் உள்ளவருக்கு மனச்சாட்சி ஒரு வழி. மீன்கூடையைச் சுமந்து, சீட்டுக் கட்டி, மகளுக்கு நகை சேர்ப்பவளுக்கு வெளியேறுவது என்றால் ஊரை இழப்பது. அவள் உள்ளே நின்றே மாற்ற வேண்டியிருக்கிறது.

மாணவியரே, 'எல்லோரையும் ஏற்கிறோம்' என்று எந்தச் சபை சொன்னாலும் சில கேள்விகளைக் கேளுங்கள். கணக்குப் புத்தகத்தில் கையெழுத்திடுபவர்களில் பெண்கள் எத்தனை பேர்? ஆயரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு யாருக்கு? கணவனை விட்டு வந்தவளுக்குத் தங்க இடம் உண்டா? மகளின் பங்கைப் பற்றிப் பிரசங்கத்தில் ஒருமுறையாவது பேசினார்களா? ரோமையும் இவற்றையே கேளுங்கள், சுயேச்சைச் சபைகளையும் கேளுங்கள். பீடத்தில் பெண் நிற்பதை நானும் பார்க்க ஆசைப்படுகிறேன். அதே கோயிலில் அந்த உறவுக்காரப் பெண் வரிசையில் வந்து நன்மை எடுப்பதையும், ஊர்க் கமிட்டியில் உட்கார்ந்து கணக்குக் கேட்பதையும் பார்க்க வேண்டும்.