மூச்சு ஒட்டாத கண்ணாடி

ஆறு வாரமாக என் ஹெல்மெட்டின் வைசருக்குள் இன்னொரு மெல்லிய தகடு இருக்கிறது. பைக் ஓட்டுபவர்கள் பின்லாக் என்று சொல்லும் சாமான். வைசரின் இரண்டு ஓரத்திலும் உள்ள சின்ன முளைகளுக்கு நடுவே தகட்டை வளைத்துச் செருக வேண்டும். அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் சிலிக்கோன் கரை வைசரோடு ஒட்டிக்கொள்ளும். 30, 70, 120 என்று தரம் உண்டு, என்னுடையது 70. மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. நான் சொல்ல வந்தது, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும்போது அது எனக்கு என்ன செய்தது என்பதை.

மே மாதத்து ஞாயிறு, கத்திரி நடு. கலசப்பாக்கத்திலிருந்து காலை ஆறரைக்கு மூன்று பைக்குகள் கிளம்பின. செய்யாற்றில் மணல்தான் கிடந்தது. புல்லட்டில் எலக்ட்ரீஷியன் நண்பன், பதினோரு வருட ஸ்ப்ளெண்டரில் தறிக்கார நண்பன். போளூர், அத்திமூர், ஜமுனாமரத்தூர், காவலூர் போய் அதே வழியில் திரும்புவதாகத் திட்டம். போளூரைத் தாண்டுவதற்குள் ஹெல்மெட்டின் உள்பஞ்சு வியர்வையில் ஊறிவிட்டது.

"மச்சான், ரெண்டு மணிக்கு மேல வானம் தாங்காதுடா" என்றான் தறிக்காரன். முந்தின நாள் பாவு பிசுபிசுவென்று இருந்ததாம். ஆரணிப் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவன். காற்றில் ஈரம் ஏறுவதை அவன் விரல் நுனி முதலில் சொல்லிவிடும்.

ஊறிய அந்தப் பஞ்சுதான் கோடை மழையின் சிக்கல். மார்கழிப் பனியில் வைசர் மங்குவது நம் மூச்சால் மட்டும். கத்திரியில் அப்படியில்லை. நாலு மணி நேரம் வியர்வை குடித்த பஞ்சு ஹெல்மெட்டுக்குள் இருக்கிறது, தலை கொதிக்கிறது. அந்த நேரம் பார்த்து மழை இறங்கினால் வைசரின் வெளிப்பக்கம் சட்டென்று குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் போய் வைசரின் உள்பக்கத்தில் படியும். இரண்டு மூச்சு விட்டால் போதும், எதிரே பாதை இருக்காது.

இதற்கு நான் பார்க்காத வைத்தியம் இல்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பற்பசை, உருளைக்கிழங்கை அறுத்துத் தேய்ப்பது, கடையில் விற்கும் ஸ்ப்ரே. சோப்பு அரை மணி நேரம் தாக்குப்பிடித்தது, பற்பசை வைசரில் கீறல் போட்டது. அதன் பிறகு வாங்கிய பெயரில்லாத மலிவுத் தகடு ஒன்று கரை ஒட்டாமல் நடுவே தண்ணீர் கோத்துக்கொண்டது. வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் மீது எனக்குக் கோபமே வரும். நாற்பது வேகத்தில் விழியில் அடிக்கும் மழைத்துளி கண்ணைத் திறக்கவே விடாது. ஒரு வளைவைத் தவறவிட அந்தக் கண் மூடும் நேரம் போதும். கறுப்பு வைசர் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறவர்களையும் இதே கணக்கில் சேர்க்கிறேன். மேகம் மூடிய காட்டுச் சாலையில் அது பட்டப்பகலை இரவாக்கிவிடும்.

ஜமுனாமரத்தூரில் டீயும் பலாச்சுளையும். சாமை அரிசி இரண்டு கிலோ வாங்கிக்கொண்டோம். காவலூரில் மரங்களுக்கு மேலே விண்ணாய்வுக்கூடத்தின் வெள்ளைக் கூரை தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். 1986இல் திறக்கப்பட்ட வைனு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது, அதன் ஆடி 2.34 மீட்டர் அகலம். காற்றில் ஈரம் கூடினால் விண்ணாய்வுக்கூடங்களில் கூரையை மூடிவிடுவார்கள். ஆடியில் ஈரம் படிந்தால் நட்சத்திரமும் கிடையாது, ஆடிக்கும் கேடு. அத்தனை பெரிய கண்ணுக்கும் என் வைசருக்கும் பகை ஒன்றே என்று அங்கே நின்றபோது தோன்றியது.

தறிக்காரன் சொன்ன நேரத்துக்குச் சற்றுப் பிந்தி, ஜமுனாமரத்தூரை விட்டு அத்திமூர்ப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் மழை பிடித்தது. முதலில் புழுதி வாசனை, அடுத்து காற்று, பிறகு எதிரே இருந்த மலையையே காணோம். வழக்கம்போல வைசர் வெளுக்கும் என்று காத்திருந்தேன். வெளுக்கவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவு போனது, இரண்டாவது போனது. வெளியே தண்ணீர் வழிந்தது, உள்ளே ஒரு புள்ளி கூட இல்லை. சாலையோரத்துக் கல், சரளை, எதிரே ஏறி வந்த பேருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. இத்தனை வருடத்தில் மழையோடு மலை இறங்கும்போது என் தோள்கள் இறுகாமல் இருந்தது அன்றுதான்.

சங்கதி எளிமையானது. தகட்டுக்கும் வைசருக்கும் நடுவே அடைபட்ட காற்று வெளிக்குளிரை உள்ளே விடுவதில்லை. அதனால் மூச்சு படும் பரப்பு குளிர்வதில்லை, தகட்டின் பொருளும் கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. சிலிக்கோன் கரை முழுவதும் ஒட்டியிருந்தால்தான் இத்தனையும் நடக்கும். மூன்றாம் வாரம் என் தகட்டின் இடது ஓரம் லேசாக விட்டுக்கொடுத்தது. முளையை அரைச் சுற்று திருப்பியதும் இறுகிவிட்டது. இரவில் எதிர்வண்டி விளக்கு இரட்டையாகத் தெரியும், இரண்டு பரப்பு என்றால் அது இருக்கத்தான் செய்யும். துடைக்க ஈரமான பருத்தித் துணி மட்டும். தகடு மிருதுவானது, சட்டை நுனி பட்டாலே கோடு விழும்.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அதை அந்த மழையில்தான் கண்டேன். தறிக்காரனுக்கும் இதே தகட்டை நான்தான் மாட்டிக் கொடுத்திருந்தேன். மூன்றாவது வளைவில் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். ஓரமாக நிறுத்தியிருந்தான். வைசர் பளிச்சென்று இருந்தது, மங்கியது உள்ளே அவன் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி. இருபது வருடமாக ஜரிகை இழையை உற்றுப் பார்த்து வாங்கிய கண்ணாடி. கழற்றினால் பத்தடிக்கு மேல் தெரியாது. தகடு தன் பரப்பைத்தான் காக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை. கண்ணாடி போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பெட்டியில் அது பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

பாறையோரம் ஒதுங்கி, மழை தணியும்வரை முக்கால் மணி நேரம் நின்றோம். பிறகு நான் முன்னால், அவன் நடுவில், புல்லட் பின்னால். அவன் வைசரைப் பாதி திறந்து, கண்ணாடியில் காற்றுப் படும்படி வந்தான். நான் இருபதுக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் பிரேக்கை இரண்டு தரம் தட்டினேன், பின்விளக்கு அவனுக்குத் தெரியட்டும் என்று. அத்திமூர் வந்ததும் சாலை காய்ந்து கிடந்தது, ஒரு துளி கூட விழுந்த அடையாளமில்லை. அவன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே, "உன் சிவப்பு லைட்டுதான்டா தெரிஞ்சுது, வேற ஒண்ணும் தெரியல" என்றான்.