கறியில் எத்தனை சதவீதம் கறி?

வான்கோழிக் கறியை அரைத்து, தண்ணீர், பன்றிக் கொழுப்பு, ரஸ்க் தூள் எல்லாம் சேர்த்து ஸ்பிரிங் மாதிரி சுருட்டினால் அதற்குப் பெயர் டர்க்கி ட்விஸ்லர். பிரிட்டிஷ் பள்ளிக்கூடங்களில் சக்கைப்போடு போட்ட ஐட்டம். அதில் வான்கோழி எவ்வளவு? 34 சதவீதம். மீதியை எந்த வான்கோழியும் கண்ணால்கூடப் பார்த்திருக்காது.

இந்த ட்விஸ்லருக்கு எதிராகப் படையெடுத்தவர் சமையல்காரர் ஜேமி ஆலிவர். 2005-ல் சேனல் 4-ல் நான்கு பகுதிகளாக வந்தது அவருடைய 'ஜேமி'ஸ் ஸ்கூல் டின்னர்ஸ்'. அவர் லண்டன் கிட்ப்ரூக் பள்ளியின் சமையல்கட்டுக்குள் நுழைகிறார். ஃப்ரீஸர் அயிட்டங்களைத் தூக்கிவிட்டு நிஜமான சாப்பாடு சமைக்கப் பார்க்கிறார். பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். தலைமைச் சமையல்காரம்மா நோரா சாண்ட்ஸ் அவரோடு மல்லுக்கட்டுகிறார். அப்புறம் நோராவே கட்சி மாறுகிறார். கடைசியில் 2,71,677 கையெழுத்துகளோடு பிரதமர் வீட்டு வாசல். அசல் மசாலா படம்தான். விறுவிறுப்பில் குறையே சொல்ல முடியாது.

கதையில்தான் ஒரு குறை. வில்லனை மாற்றிவிட்டார்கள்.

ட்விஸ்லர் எங்கிருந்தோ கப்பலில் வந்த சரக்கு இல்லை சார். தயாரித்தது நார்ஃபோக்கில் இருக்கும் பெர்னார்ட் மேத்யூஸ் கம்பெனி. லண்டனிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆக, அதுவும் உள்நாட்டுச் சரக்குதான். 'நம்ம ஊர்க் கறி வாங்குங்க' என்று கோஷம் போட்டால் மட்டும் தட்டு மாறிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பி.காம். படித்த புத்தி, நான் கணக்கைத்தான் தேடினேன். ஒரு பிள்ளையின் மதியச் சாப்பாட்டுப் பொருட்களுக்கு 37 பென்ஸ். அன்றைய மதிப்பில் சுமார் 30 ரூபாய். லண்டனில்! இந்த நிலைமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. பள்ளிச் சாப்பாட்டில் இவ்வளவு சத்து இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 1980-ல் ஒரு சட்டம் எடுத்துவிட்டது. உள்ளாட்சிகள் கட்டாயம் டெண்டர் விட வேண்டும் என்று 1988-ல் இன்னொரு சட்டம் வந்தது. டெண்டர் என்றால் என்ன? குறைந்த ரேட் போட்டவனுக்கு மாலை.

இந்தப் பந்தயத்தில் உள்ளூர் கசாப்புக் கடைக்காரர் எப்படி ஜெயிப்பார்? அவரிடம் மலிவான கறி இல்லாமல் இல்லை. மாட்டின் கால் கறி, தோள் கறியெல்லாம் விலை குறைச்சல்தான். ஆனால், அது வேக மணிக்கணக்காகும். வெட்டணும், வதக்கணும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளணும். ட்விஸ்லருக்கு அதெல்லாம் வேண்டாம். ஃப்ரீஸரிலிருந்து எடுத்து நேராக அடுப்பு, கொஞ்ச நேரத்தில் தட்டு. அதாவது, மிச்சமானது கறி விலை மட்டுமில்லை, சமைப்பவரின் கூலியும்தான். ஜேமி வந்த பிறகு நோராவும் அவர் ஆட்களும் கூடுதல் நேரம் மாடாக உழைக்க வேண்டியிருந்தது. தொடரில் இதுவும் வருகிறது. ஆனால் கேமரா அங்கே நிற்காமல் ஹீரோவின் முகத்துக்கே ஓடிவிடுகிறது.

அந்த கேமரா போயிருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நாட்டிங்ஹாம்ஷயரில் ஈஸ்ட் பிரிட்ஜ்ஃபோர்டு கிராமத்து ஆரம்பப் பள்ளி. அங்கே சமையல் பொறுப்பில் இருந்தவர் ஜீனட் ஓரி. 2000-த்திலேயே அந்தப் பள்ளி மொத்தக் கான்ட்ராக்ட்டிலிருந்து வெளியே வந்து, சாப்பாட்டுப் பணத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஓரி அக்கம்பக்கத்தில் கறியும் காய்கறியும் வாங்கிச் சமைத்தார். பிரபலம் யாரும் தேவைப்படவில்லை. பர்ஸ் யார் கையில் என்பது மாறியது, அவ்வளவுதான்.

ஜேமியைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் போட்ட சத்தத்தில்தான் அரசு 28 கோடி பவுண்டு ஒதுக்கியது. சாப்பாட்டுப் பொருட்களுக்கு ஆரம்பப் பள்ளியில் குறைந்தது 50 பென்ஸ், உயர்நிலைப் பள்ளியில் 60 பென்ஸ் என்று அறிவித்தது. ட்விஸ்லர் கடையைக் கட்டியது. (2020-ல் கறி அளவை ஏற்றிக்கொண்டு திரும்பவும் கடைக்கு வந்தது வேறு கதை!) ஆனால், பார்த்தவர்கள் மனசில் நின்றது 'கெட்ட சாப்பாடு, சொன்ன பேச்சு கேட்காத பிள்ளைகள், பொறுப்பில்லாத அம்மாக்கள்' என்பதுதான். 2006-ல் ராதர்ஹாம் பக்கத்தில் சில அம்மாக்கள் பள்ளி வேலிக்கு மேலே பிள்ளைகளுக்கு பர்கர் கொடுத்தபோது மொத்த நாடும் அவர்கள் மேல்தான் பாய்ந்தது. டெண்டர் மேல் யாரும் பாயவில்லை.

நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? நம் சத்துணவுத் தட்டில் கறி இல்லை, முட்டை உண்டு. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது, 2010-ல் வாரத்துக்கு ஐந்தானது. முட்டையில் ஒரு சௌகரியம்: 34 சதவீத முட்டை என்று யாரும் சுருட்டித் தர முடியாது. ஓடு இருக்கிறது, எண்ணிப் பார்க்கலாம். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனாலும் பொடி முட்டை, அழுகல் முட்டை என்று அவ்வப்போது செய்தி வரத்தான் செய்கிறது. காலமுறை ஊதியம் கேட்டு சத்துணவு ஊழியர்கள் தெருவில் உட்கார்ந்ததையும் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். நாளைக்கே ஓர் அரசு, 'வாரம் ஒருநாள் உள்ளூர்க் கோழிக்கறி' என்று அறிவித்தால் நானும் கைதட்டுவேன். கைதட்டிவிட்டு மூணு கேள்வி கேட்பேன். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு ரூபாய்? டெண்டர் ஊருக்கு ஊரா, மாநிலத்துக்கே ஒண்ணா? அந்தக் கறியை ஆய்ந்து, கழுவி, வேகவைக்கப்போகிற அம்மாவுக்கு என்ன சம்பளம்?